ஷீட் ஷெட்டுல ஏர் டூல்ஸ் எல்லாத்தையும் எங்க, எப்படி மாட்டி வெக்கறது?

சங்ககிரி ஷெட்:

அண்ணன்களுக்கு வணக்கம். சங்ககிரி பைபாஸ் ஓரமா ரெண்டு வண்டி நிக்கிற அளவுக்கு ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்து லாரி, பிக்கப் வேலை பார்க்கிறேன். சுத்தி தகர ஷீட், நடுவுல 4 இஞ்ச் பைப் தூண். ஷீட்ல ஓட்டை போடக்கூடாது, தூண்ல வெல்டிங் வைக்கக்கூடாதுன்னு இடத்துக்காரர் ஆரம்பத்துலயே சொல்லிட்டார்.

கையில இருக்கிறது: அரை இஞ்ச், முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச்னு காத்துல ஓடி நட்டு கழட்டுற இம்பாக்ட் கன் மூணு, ஏர் ராட்செட், டை கிரைண்டர், சாண்டர், கிரீஸ் கன், காத்து அடிக்கிற ப்ளோ கன், டயர் கேஜ், பெயிண்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன் ரெண்டு. எல்லாம் ஒரு பழைய மர பீரோவுல கிடக்கு. வீல் கழட்டுற இடத்துல இருந்து பீரோ தூரம். அதனால பசங்க கன்னை அப்படியே தரையில வெச்சுட்டு அடுத்த வேலைக்குப் போயிடுறாங்க. குவாரி வண்டி ஓடுற பாதை வேற, புழுதிக்குக் கேட்கவே வேண்டாம். முக்கால் இஞ்ச் கன் இப்ப நட்டை இழுக்கவே மாட்டேங்குது. பிரிச்சுப் பார்த்தா உள்ள எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களிம்பா அப்பியிருக்கு.

கடையில விக்கிற டூல் டிராலி வாங்கிற நிலைமை இப்ப இல்ல. வெல்டிங் மெஷின் இருக்கு, பழைய ஆங்கிள் இருக்கு, 18 மி.மீ. ப்ளைவுட் ஒரு துண்டு இருக்கு. நீங்கெல்லாம் உங்க பட்டறையில என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க?

அம்பத்தூர் கார் மெக்கானிக்:

பிரதர், சிம்பிளா ஒண்ணு. 110 மி.மீ. பிவிசி பைப்பை 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டு. அடிப்பக்கம் முன்னாடி இருந்து நடு வரைக்கும், கன்னோட கைப்பிடி நுழையற அகலத்துக்கு ஒரு காடி எடு. ஹாக்சா பிளேடு போதும். பைப்பைப் பலகையில படுக்கவெச்சு, பெரிய வாஷர் போட்டு ரெண்டு போல்ட் முடுக்கு. அரை இஞ்ச் கன் உள்ள போய் உட்கார்ந்துடும், கைப்பிடி கீழ தொங்கும். வாய்ப்பக்கம் கொஞ்சம் மேல தூக்கி இருக்கட்டும், இல்லைன்னா கதவு அடிச்சாலே வழுக்கி விழும். ராட்செட்டுக்கு 63 மி.மீ. பைப் சரியா இருக்கும். நம்ம கடையில எல்லாமே இதுலதான் நிக்குது.

ரிக் மேஸ்திரி, திருச்செங்கோடு:

தம்பி, நான் போர்வெல் ரிக் வண்டியில வேலை பார்க்கறவனுங்க. காத்தை வெச்சுத்தான் எங்க பொழப்பே. உங்க கேள்வியில ரெண்டு சங்கதி இருக்குது. எங்க மாட்டறதுங்கறது ஒண்ணு, மாட்டி வெச்சிருக்கற நேரத்துல உள்ள புழுதி போகாம எப்படிக் காப்பாத்தறதுங்கறது இன்னொண்ணு. அம்பத்தூர்க்காரர் முதல் சங்கதிக்கு நல்ல வழி சொல்லிட்டாரு. நான் ரெண்டாவதுல இருந்து வர்றேன். உங்க முக்கால் இஞ்ச் கன் போனது அங்கதான்.

கன்னுக்குள்ள இருக்கறது ஒரு ரோட்டாரும், அதோட காடியில உள்ளயும் வெளியும் நழுவற பிளேடுகளும். காத்து வந்து அந்த பிளேடைத் தள்ளித்தான் ரோட்டார் சுத்துது. பிளேடு சிலிண்டரை ஒட்டி நகர்ந்தாத்தான் இழுவை வரும். அங்க ஒரு சிட்டிகை மண் போச்சுன்னா சிலிண்டர்ல கோடு விழும், பிளேடு காடியில சிக்கும். மண்ணு உள்ள போற பெரிய வழி நிப்பிள் வாய், அதாவது கன்னுல ஹோஸை மாட்டற மூக்கு. ஹோஸைக் கழட்டிட்டுத் தரையில வெச்சா அந்த வாய் திறந்தே கிடக்கும். மறுக்கா ஹோஸை மாட்டி டிரிக்கரை அமுக்குன உடனே, 90 பி.எஸ்.ஐ. காத்து அந்த மண்ணை நேரா பிளேடுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துரும். அதனால நீங்க என்ன ஸ்டாண்டு செஞ்சாலும் நிப்பிள் வாய் மூடித்தான் இருக்கோணும்.

அதுக்குக் காசு செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்குதுங்க. ஹோஸ் முனையில நிப்பிளைக் கவ்விப் பிடிக்கற கப்ளர் இருக்குதுல்ல, சீல் தேஞ்சு காத்துக் கசியுதுன்னு கழட்டிப் போட்ட பழசு எந்தப் பட்டறையிலயும் நாலஞ்சு கிடக்கும். அதைத் தூக்கிப் போட்டுராதீங்க. ஆங்கிள்ல துளை போட்டு, கப்ளரோட மரைப்பக்கத்தை அதுல நுழைச்சு, பின்னால ஒரு பிளக் வெச்சு முடுக்கிடுங்க. கப்ளர் வாய் கீழ பார்த்து நிக்கோணும். டை கிரைண்டர், ராட்செட், ப்ளோ கன் இதையெல்லாம் தலைகீழா அதுல 'டக்'குன்னு மாட்டுனா அப்படியே தொங்கும். வாயும் மூடியாச்சு, டூலும் நின்னாச்சு. ஆனா கனமான கன்னை இப்படித் தொங்கவிடாதீங்க. பாடி அலுமினியம், மரை சின்னதுதான். நாளைக்கு மரை வாயி விட்டுப்போகும். கன்னுக்குத் தனியா மூடி செய்யோணும். நிப்பிள் மூக்குல இறுக்கமா ஏறுற ரப்பர் டியூப் ரெண்டு இஞ்ச் வெட்டி, இன்னொரு முனையில ஒரு போல்ட்டைத் திருகி அடைச்சு, சின்ன சங்கிலி போட்டு கன் கைப்பிடியிலயே கட்டிடுங்க. கட்டாத மூடி ஒரு வாரம் தங்காது.

அடுத்தது எண்ணெய். சாயங்காலம் மாட்டறதுக்கு முன்னால நிப்பிள் வழியா நாலஞ்சு சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டு, ஹோஸை மாட்டி சித்த நேரம் ஓட்டி நிறுத்துங்க. வி.ஜி. 32 ஆயில் சரியா இருக்கும், அந்த எண் ஆயிலோட தடிப்பைச் சொல்றது. இன்ஜின் ஆயில் விடாதீங்க, அது தடிப்பு, பிளேடு ஒட்டிக்கும். காத்துல வர்ற தண்ணி ராத்திரி பூரா சிலிண்டர்ல நின்னாத் துரு ஏறும், அதைத் தடுக்கறது இந்த எண்ணெய்தான். கம்ப்ரசர் டேங்கோட அடி வால்வைத் தினமும் திறந்து தண்ணியை வடிச்சும் விடோணும். இப்படி எண்ணெய் விட்ட டூலு ராத்திரியில கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். ஸ்டாண்டுக்குக் கீழ எண்ணெய் டின்னை நீளவாக்குல பிளந்து தட்டாட்டம் வெச்சு, பனியன் வேஸ்ட் போட்டு வைங்க. வாரம் ஒருக்கா அதை மாத்திடுங்க. எண்ணெய் ஊறுன துணியைப் பட்டறையில சேர விடறது நல்லதில்லீங்க. அந்த வேஸ்ட்டுல நிப்பிள் வாயை மட்டும் துடைக்காதீங்க, நூல் பிரிஞ்சு உள்ள போகும். அதுக்கு இழை பிரியாத துணி வேணும்.

இப்ப எங்க மாட்டறதுங்கறதுக்கு வர்றேன். எல்லாத்தையும் ஒரே பலகையில அழகா அடுக்கலாம்னு தோணும். அது வேண்டாமுங்க. பசங்க தரையில வெக்கறதுக்குக் காரணம் சோம்பல்னு நான் சொல்லமாட்டேன். நட்டைக் கழட்டுன கை உடனே வீலைப் பிடிக்கோணும், பீரோ வரைக்கும் நடக்க அந்த நேரத்துல முடியாது. வெக்கற இடம் கை எட்டுற தூரத்துல இருந்தா அவனே வெச்சிருவான். அதனால மூணு இடம் செய்யுங்க.

வீல் கழட்டற பக்கத்துக்கு உருட்டற வண்டி ஒண்ணு. ஒரு இஞ்ச் கன் பத்துக் கிலோவுக்கு மேல இருக்கும், அதைத் தூக்கி மாட்டச் சொன்னா யாரும் மாட்டமாட்டாங்க. ஆங்கிள்ல முழங்கால் உயரத்துக்கு ஒரு சட்டம், கீழ நாலு காஸ்டர் வீல், அதுல ரெண்டு பிரேக் வெச்சது. மேல ரெண்டு தகட்டை 'வி' வடிவத்துல வெல்டு பண்ணி, பழைய மட்கார்டு ரப்பரை அது மேல போல்ட் போட்டு இறுக்குங்க. கன் அதுல படுத்துக்கும். லாரி வீல் நட்டு இருக்கற உயரமும் கிட்டத்தட்ட அதுதான், தூக்கற வேலை மிச்சம். முக்கால் இஞ்ச் கன்னும் அதே வண்டியிலேயே இன்னொரு 'வி'யில. கீழ்த்தட்டுல சாக்கெட். முக்கால் டிரைவுக்கு (கன்னோட சதுர முனை ஏறுற துளை அளவு) 16 மி.மீ. சதுரக் கம்பி, ஒரு இஞ்ச் டிரைவுக்கு 20 மி.மீ. சதுரக் கம்பி, ரெண்டு இஞ்ச் உயரத்துக்கு வெட்டித் தட்டுல நட்டமா வெல்டு பண்ணிருங்க. சாக்கெட்டைக் கவுத்துப் போட்டா நிக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் முன்னால 30, 32, 33-ன்னு பெயிண்ட்ல எழுதிருங்க. ஒரு கம்பி மொட்டையா நின்னா எந்த சாக்கெட் வண்டிக்கடியில கிடக்குதுன்னு அப்பவே தெரிஞ்சு போகும்.

ரெண்டாவது தூண். வெல்டிங் கூடாதுன்னா யு போல்ட் போடுங்க. லீஃப் பட்டைக்கு மாத்துன பழைய யு போல்ட், பழைய இரும்புக் கடையில தூண் அளவுக்குப் பார்த்து எடுக்கலாம். தூணுக்கும் யு போல்ட்டுக்கும் நடுவுல டியூப் ரப்பர் சுத்திட்டு முடுக்குனா வழுக்காது, பெயிண்ட்டும் உரியாது, காலி பண்ணும்போது கழட்டி எடுத்துட்டுப் போயிரலாம். அதுல 40 மி.மீ. ஆங்கிள் சட்டம், சட்டத்துல உங்க ப்ளைவுட். அரை இஞ்ச் கன்னுக்கு பிவிசி பைப், மத்த சின்னச் சாமானுக்கு அந்தப் பழைய கப்ளர். கனமானது இடுப்பு உயரத்துல, லேசானது கண் உயரத்துல.

மூணாவது ஹோஸ். அதை ஆணியில தொங்கவிட்டா மடியற இடத்துலதான் வெடிக்கும். குட்டி யானையோட பழைய 12 இஞ்ச் ரிம் ஒண்ணு எடுங்க. அதோட ஸ்டட் துளையிலேயே போல்ட் போட்டு இன்னொரு தூண் சட்டத்துல முடுக்குங்க. அரை இஞ்ச் ரப்பர் ஹோஸ் அதுல மடிப்பே இல்லாமச் சுத்தி நிக்கும். கப்ளர் முனையைத் தரையில இழுக்காம ரிம்முலயே ஒரு கொக்கி வெச்சு மாட்டுங்க. ஏன்னா ஹோஸ் வாயில ஏறுன மண்ணும் கன்னுக்குத்தான் போகும்.

சங்ககிரி ஷெட்:

மேஸ்திரி, கும்பிடுறேன். யு போல்ட் யோசனை எனக்கு வரவே இல்ல. நிப்பிள் சங்கதியைப் பசங்களைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினேன். ஸ்ப்ரே கன் ரெண்டையும் அதே தூண்ல மாட்டிடலாமா?

கோவை பெயிண்டர் அக்கா:

வேண்டவே வேண்டாம் தம்பி. ஸ்ப்ரே கன்னுக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. எண்ணெய் விட்டு ஓட்டுன ஹோஸ்ல ஸ்ப்ரே கன்னை மாட்டினா, அந்த எண்ணெய்த் துளி பெயிண்ட்டோட சேர்ந்து போய் பேனல் பூரா குழி குழியா விழும். திரும்பத் தேய்ச்சு முதல்ல இருந்து அடிக்கணும். பெயிண்ட்டுக்குன்னு தனி ஹோஸ், தனி ஃபில்டர், தனி இடம். ஹோஸ் நிறமே வேறயா வாங்கிக்கோங்க, அப்பத்தான் அவசரத்துல கை மாறாது.

உங்க கன்னுல கப் மேல இருக்கா கீழ இருக்கா? கீழ இருந்தா தானே நிக்கும். மேல கப் இருக்கற கன் நிக்காது, படுக்க வெச்சா மூடியில இருக்கற காத்துத் துளை வழியா பெயிண்ட் ஒழுகும். 8 மி.மீ. கம்பியைக் கப் சுத்தளவைவிடக் கொஞ்சம் பெருசா வளையமா வளைச்சு, ஒரு பக்கம் திறந்து விட்டு, மேசை ஓரத்துல முடுக்கிடுங்க. பெயிண்ட் ஊத்தும்போதும் அதுலயே நிக்கும், ஒரு கையே போதும். கழுவின பிறகு நாசில் கீழ பார்க்க மாட்டி வைங்க, தின்னர் வடிஞ்சுடும். பழைய மர பீரோ இருக்குன்னீங்களே, அதைச் சும்மா போட்டுடாம ஸ்ப்ரே கன்னுக்கும் ஃபில்டருக்கும் மட்டும் வெச்சுக்கோங்க. கதவு மூடுற பெட்டி உங்க புழுதிக்கு நல்லது.

ஓசூர் டூல் ரூம்:

மேல எல்லாரும் சொன்னதோட ஒரே ஒரு எச்சரிக்கை. பிவிசி பைப் டூலைத் தாங்குறதுக்கு மட்டும்தான். மிச்சமிருக்கற பைப்பைக் காத்து லைன் இழுக்கப் பயன்படுத்திடாதீங்க, இதை நான் பல ஷெட்டுல பார்த்துட்டு வர்றேன். தண்ணி லைன்ல உடைஞ்சா ஒழுகும், அவ்வளவுதான். காத்து அழுத்தத்துல உடைஞ்சா துண்டு துண்டா சிதறி ஆளைக் குத்தும். அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா 1988-லயே இதுக்குன்னு எச்சரிக்கை விட்டிருக்காங்க. லைனுக்கு ஜி.ஐ. பைப் போடுங்க, தண்ணி வடியற மாதிரி லேசா சரிவு கொடுத்து, கடைசியில ஒரு வடிகால் வால்வு வைங்க.

இன்னொண்ணு, ப்ளைவுட்ல ஒவ்வொரு டூலையும் மாட்டின நிலையிலேயே சுத்திக் கோடு வரைஞ்சு, உள்ள மஞ்சள் பெயிண்ட் அடிச்சிடுங்க. சாயங்காலம் ஷட்டர் இறக்கும்போது ஒரு பார்வையில எது திரும்பலன்னு தெரிஞ்சிடும். மாட்டறதுக்கு முன்னாடி ஹோஸைக் கழட்டிட்டுத்தான் மாட்டணும்னு பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க. காத்தோட தொங்கற கன்னோட டிரிக்கர்ல தோள் பட்டாலே சாக்கெட் சுத்தும்.

சங்ககிரி ஷெட்:

அக்கா, ரெண்டு கன்லயும் கப் மேலதான். வளையம் இன்னைக்கே வளைக்கிறேன், பீரோவும் பெயிண்ட்டுக்குன்னு ஒதுக்கியாச்சு. ஓசூர் அண்ணா, காத்து லைன் இன்னும் இழுக்கல, நல்ல நேரத்துல சொன்னீங்க. மேஸ்திரி, கடைசியா ஒண்ணு: கிரீஸ் கன்னை எங்க வைக்கிறது? கப்ளர்ல தலைகீழா தொங்கவிட்டா கிரீஸ் ஒழுகாதா?

ரிக் மேஸ்திரி, திருச்செங்கோடு:

அது வேண்டாமுங்க, கிரீஸோட சேர்ந்தா கனமும் ஜாஸ்தி. 110 பைப்பையே தூண் சட்டத்துல நட்டமா நிறுத்தி, அடியில மூடி போட்டு, கிரீஸ் குழாய் கீழ போற மாதிரி இறக்கி வைங்க. மூக்குல இருக்கற கிரீஸ் நிப்பிள் கப்ளருக்கு ஒரு பாலித்தீன் பையைச் சுத்தி ரப்பர் பேண்டு போட்டுருங்க. வெயில் காலத்துல எப்படியும் கொஞ்சம் எண்ணெய் பிரிஞ்சு வடியும், மாசம் ஒருக்கா மூடியைக் கழட்டித் துடைச்சாப் போதும். அந்த முக்கால் இஞ்ச் கன்னைப் பிரிச்சு வெச்சிருக்கீங்கல்ல, சிலிண்டர் உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பாருங்க. கோடு தட்டுப்படலீன்னா, கழுவி, பிளேடு செட் மட்டும் மாத்தி எண்ணெய் விட்டுப் பூட்டுனா பழையபடி இழுக்கும்.