கலைச்சொல்: ‘ஹொப்-அப்’ தமிழில் என்ன?

வவுனியாவிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். கைநூலின் மூன்றாம் அதிகாரத்தில் வந்து நிற்கிறோம். இளவயதில் எயார்சொஃப்ட் (பிளாஸ்ரிக் உருண்டை அடிக்கும் துவக்குகளால் ஆடும் விளையாட்டு) ஆடி, கலியாணம், பிள்ளைகுட்டி, வேலை என்று விட்டுவிட்டு, நாற்பதை அண்டித் திரும்பி வருகிறவர் என்ன கருவி வாங்கலாம், பழையதில் எதை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதிகாரம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வாசிக்கப் போகிறவர்களுக்கு இங்கே வன்னியில் இருந்து சொல் பார்க்கிறோம்.

6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் உருண்டைக்குப் ‘போளை’ என்பது போன கிழமை முடிவானது. சன்னம், ரவை, குண்டு மூன்றும் இந்த மண்ணில் என்ன பொருளில் புழங்கின என்று எல்லோருக்கும் தெரியும். போளை சின்னப்பிள்ளைகள் அடிக்கிற சாமான், அதுவும் உருண்டை.

இப்போது பக்கத்துக்குப் பக்கம் ‘ஹொப்-அப்’ வருகிறது. போளையைச் சுழற்றிவிடுகிற, திருகியால் கூட்டிக் குறைக்கிற உறுப்பு அது. ‘எம்பி’ என்று போட்டுப் பார்த்தேன், ‘ஏற்றி’ என்றும் எழுதிப் பார்த்தேன். எது நல்லது?

கிளிநொச்சியிலிருந்து

அண்ணை, ரெண்டும் வேண்டாம்.

‘எம்பி’ எண்டால் போளை துள்ளுது எண்டு நினைப்பினம். அது துள்ளுறேல்லை. ‘ஏற்றி’ அதைவிட மோசம். திருகியை ஏத்தினால் அடி உயரப் போகும் எண்டு விளங்கிக்கொள்ளுவினம். கனபேர் விடுற பிழையே அதுதான். தூரத்தில் இருக்கிற இலக்கில் படேல்லை எண்டவுடனே குறிபாக்கிற குறிகாட்டியைத் திருத்தாமல் ஹொப்-அப்பைக் கூட்டுறது. கூட்டக் கூட்டப் போளை கடைசி 15 மீற்றரில் வானத்துக்கு வளையும். சொல்லே பிழையான பக்கம் கையைப் பிடிச்சுக்கொண்டு போகப்படாது.

உள்ளுக்கு நடக்கிறது இதுதான். குழலின்ரை பின்பக்கத்தில் ஒரு றப்பர் உறை மாட்டியிருக்கும். சைக்கிள் வால்ரியூப்பைக் கொஞ்சம் தடிப்பாக, கட்டையாக வெட்டினமாதிரி. அதின்ரை மேல்பக்கத்தில் உள்ளே ஒரு சின்ன முட்டு. திருகியைத் திருப்பினால் மேலே இருக்கிற கை அந்த முட்டைக் கீழே அமத்தும். காத்து போளையைத் தள்ளேக்கை, மேல்பக்கம் முட்டில் உரசி மறிபடும், கீழ்ப்பக்கம் முந்தி ஓடும். அதாலை போளை மேல்பக்கம் பின்னுக்கு வாறமாதிரிச் சுத்திக்கொண்டு வெளிக்கிடும்.

ஆகவே நான் சொல்லுற சொல் ‘மறி’. வயலில் வாய்க்காலை மறிச்சுத்தானே தண்ணியைத் திருப்புறம். கூட மறிச்சால் வரம்பு மேவிப் பாயும், குறைய மறிச்சால் தண்ணி நேரே ஓடிப்போகும். இதுவும் அதே கணக்குத்தான். சுத்துக்கு ‘மறிசுழல்’ எண்டு வைக்கலாம்.

முள்ளியவளையிலிருந்து

தம்பியின் விளக்கம் பௌதிகவியலுக்குச் சரியாகப் பொருந்துகிறது. பின்னோக்கிச் சுழலும் உருண்டை தன் மேற்பரப்போடு ஒட்டிய காற்றையும் இழுத்துச் சுழற்றும். உருண்டைக்கு மேலே காற்று விரைவாகவும் கீழே மெதுவாகவும் கடக்க, பின்னால் செல்லும் காற்று கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. அதன் எதிர்விசை உருண்டையை மேலே தாங்குகிறது. ஜேர்மன் பௌதிகவியலாளர் மக்னசு 1852 இல் விளக்கிய விளைவு இது. கவனியுங்கள், தூக்குவது காற்று. றப்பர் செய்வது மறித்துச் சுழற்றுவது மட்டும்தான். ஆகவே கருவியின் பெயரில் ‘ஏற்றம்’ வரக்கூடாது என்பதை நானும் ஏற்கிறேன்.

நான் ‘பின்சுழல்’ என்று எழுத இருந்தேன். மேசைப்பந்தில் முன்சுழல், பின்சுழல் என்று சோடியாக வைக்கலாம். ஆனால் ‘பின்’ என்பதைப் ‘பிறகு’ என்றும் வாசிக்கலாம் என்ற குறை அதில் உண்டு. ‘மறி’க்குத் தடு என்ற பொருளோடு திரும்பு, மீள் என்ற பழைய பொருளும் இருக்கிறது. மறித்து நோக்கினான் என்றால் திரும்பிப் பார்த்தான். தடுத்ததால் பிறந்த சுழல், பின்னோக்கித் திரும்பும் சுழல் இரண்டையும் ஒரே வேர் தாங்குகிறது. இப்படி அமைவது அருமை.

இன்னொன்றையும் இப்போதே தீர்த்துவிடுவோம். போளை எவ்வளவு விரைவாகப் போகிறது என்று அளக்கும் கருவி காட்டுவதை ‘வேகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பாடநூல் வழக்கில் அது ‘கதி’. திசையோடு சேர்ந்ததுதான் வேகம். தமிழ்நாட்டு வழக்கில் நாங்கள் கதி என்பதை வேகம் என்றும், நாங்கள் வேகம் என்பதைத் திசைவேகம் என்றும் சொல்கிறார்கள். கருவிக்குக் ‘கதிமானி’ என்று வைத்தால் இரு கரையாருக்கும் விளங்கும்.

மல்லாவியிலிருந்து

‘மறி’ என்றால் எங்கள் பக்கம் முதலில் மறியாடு ஞாபகம் வரும். பேப்பரைத் திறந்தால் விளக்கமறியல். இந்த இரண்டுக்கும் நடுவில் இந்தச் சொல் நிற்குமா? அத்தோடு கடைப் பெட்டியில் ஹொப்-அப் என்றுதான் இருக்கும். வாங்கப் போகிறவர் எதைத் தேடுவார்?

முள்ளியவளையிலிருந்து

விளக்கமறியல் இதே வேர்தான். போகவிடாமல் தடுத்து வைப்பது. தனியே ‘மறி’ என்று விட்டால் ஆடு வந்து நிற்கும், உண்மைதான். கூட்டுச்சொல்லில் அந்த மயக்கம் இராது. பெட்டிப் பெயரை முதல் தடவை வரும் இடத்திலும் சொல்லடைவிலும் கட்டாயம் வைக்க வேண்டும். சொல்லாக்கம் ஆளை வெறுங்கையோடு கடையிலிருந்து திருப்பி அனுப்பக் கூடாது.

கிளிநொச்சியிலிருந்து

சொல் வேலைக்கு நிக்குமோ எண்டு பாக்கிறதுக்கு அந்தப் பகுதியையே புதுச் சொல்லாலை எழுதிப் பாத்தன். முட்டுக்கு மறிமுட்டு, றப்பருக்கு மறியுறை, திருப்புறதுக்கு மறிதிருகி.

“பத்துப் பதினைந்து வருடம் கிடந்த கருவியைக் கையில் எடுத்தால் முதலில் மாற்ற வேண்டியது மறியுறை. வெளியே பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே மறிமுட்டு இறுகிப் பளபளத்துப் போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பதிந்து மீளாவிட்டால் அது முடிந்தது. கடையில் 50, 60, 70 பாகை என்று வன்மை குறித்து விற்பார்கள். 1 யூல் சக்தியளவில் அடிக்கும் கருவிக்கு 50 அல்லது 60 போதும். விசை கூடியதற்கு 70. மாட்டும்போது உறையின் உள்வரம்பு குழலின் தவாளிப்பில் சரியாக இருக்க வேண்டும். ஒரு மயிரிழை திரும்பினாலும் மறிசுழல் சரிந்துவிடும், எல்லாப் போளையும் ஒரே பக்கம் வளையும்.

“குழலை அற்ககோல் தோய்த்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். பெற்றோலிய எண்ணெய் எதுவும் மறியுறையில் படக்கூடாது, றப்பர் ஊதிக் கெட்டுப்போகும். சிலிக்கன் எண்ணெய் பட்டாலும் முட்டு வழுக்கும், மறிபடாத போளை நேரே தலைகுத்தும், அடுத்தது மேலே போகும். ஒரே பக்கம் வளைந்தால் உறை திரும்பியிருக்கிறது, கண்டபடி அலைந்தால் குழலில் அழுக்கு அல்லது எண்ணெய். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் புதுக் குழல் வாங்கிக் காசை விடாதீர்கள்.

“சரிசெய்யும்போது, ஆடப்போகும் அதே நிறைப் போளையை இடுங்கள். மறிதிருகியை முழுக்கக் குறைத்து, தோளுயரத்தில் குழலை மட்டமாகப் பிடித்து ஐந்து தரம் அடியுங்கள். போளை சீக்கிரம் விழும். கொஞ்சம் கூட்டி இன்னும் ஐந்து. தட்டையாகப் போய், கடைசியில் மெல்ல எழுந்தமாதிரித் தெரிந்து விழுகிற இடத்தில் நிறுத்துங்கள். தோளுயரத்தைத் தாண்டி எழுந்தால் மறி கூடிவிட்டது, ஒரு படி குறையுங்கள். அதன் பிறகுதான் குறிகாட்டி. 0.20 கிராமிலிருந்து 0.28 கிராமுக்கு மாறினால் மறியைக் கூட்ட வேண்டும், பாரமான போளையைத் தாங்கக் கூடிய சுழல் தேவை.”

‘மறி கூடிவிட்டது’ எண்டதை எழுதேக்கை எனக்கு நிண்டு யோசிக்க வேண்டி வரேல்லை. அதுதான் எனக்குப் பெரிய சாட்சி.

மல்லாவியிலிருந்து

வாசித்துப் பார்த்தேன். ஆடு வரவில்லை. என் ஆட்சேபத்தை எடுத்துக்கொள்கிறேன்.

நிறை பற்றிய இடத்தில் ஒரு கணக்குச் சேருங்கள். 0.20 கிராம் போளை செக்கனுக்கு 100 மீற்றர் போனால் சரியாக 1 யூல். அதே 1 யூலில் 0.25 கிராம் ஏறக்குறைய 89 மீற்றர், 0.28 கிராம் 84.5 மீற்றர். பழையவர்கள் போளை செக்கனுக்கு இத்தனை அடி தூரம் போகும் என்று மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள். எந்த நிறையில் அளந்தது என்று கேட்காமல் அந்த இலக்கத்தைச் சொல்வதில் பயனில்லை. பிரித்தானியாவின் 2017 ஆம் ஆண்டுச் சட்டமும் யூலில்தான் எல்லை போட்டது: தொடர்ந்து அடிப்பவைக்கு 1.3, ஒற்றையடிக்கு 2.5. மலிவுப் பையில் வரும் 0.12 கிராம் போளையை வாங்கவே வேண்டாம் என்றும் எழுதுங்கள். ஒட்டு விளிம்போடு வருகிற அது குழலில் இறுகும்.

பற்றரி பற்றியும் ஒரு வரி வேண்டும். பழைய 8.4 வோல்ற்றுக்குச் செய்த கருவியில் 11.1 வோல்ற்று லிதியம் பற்றரியைப் போட்டால் அடிக்கும்போது அழுத்தும் விசையின் மின்தொடுகைகள் கருகும், பிஸ்ரனின் பல் உதிரும். 7.4 வோல்ற்று போதும். கலம் ஒன்று 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கக் கூடாது. எடுத்து வைக்கும்போது கலத்துக்கு 3.8 வோல்ற்றளவில் இருக்கட்டும்.

முள்ளியவளையிலிருந்து

கண்கவசம் அதிகாரத்தின் கடைசியில் கிடக்கிறது. அதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். காசு அளவாக இருந்தால் முதல் வாங்க வேண்டியது அதுதான். ஐரோப்பிய நியமம் ஈ.என். 166 இல் ‘எஃப்’ குறி உள்ள கண்ணாடியை 0.86 கிராம் உருக்கு உருண்டையைச் செக்கனுக்கு 45 மீற்றரில் மோதிச் சோதிப்பார்கள். கணக்குப் பார்த்தால் 0.87 யூல், ஆடுகளத்தில் பறப்பதைவிடக் குறைவு. ‘பி’ குறிக்குச் செக்கனுக்கு 120 மீற்றர், அதாவது ஏறக்குறைய 6.2 யூல். ‘பி’ என்று தெளிவாக எழுதுங்கள், ‘நல்ல கண்ணாடி’ என்று எழுதாதீர்கள். சாதாரண மூக்குக்கண்ணாடியோ வெயில் கண்ணாடியோ கவசமாகாது. பழைய கவசத்தில் கீறலோ வெடிப்போ இருந்தால் எறிந்துவிடுங்கள்.

வவுனியாவிலிருந்து

மறிசுழல், மறிமுட்டு, மறியுறை, மறிதிருகி, கதிமானி ஐந்தையும் ஏற்றுவிட்டேன். கண்கவசம் முதற் பக்கத்துக்குப் போகிறது.

முழுக் கருவிக்கு என்ன பெயர் என்பது மட்டும் மிச்சம். ‘விளையாட்டுச் சாமான்’, ‘பொம்மை’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். மனம் விளங்குகிறது. போளைக்கு மெதுவான சொல் தேடியதும் நானேதான். ஆனால் கருவியின் உருவம் அசலைப் போலவே இருக்கிறது. தெருவில் நின்று பார்க்கிறவருக்கு, காவலில் நிற்பவருக்கு, அது எதை அடிக்கும் என்று தெரியாது. பொம்மை என்று பெயர் வைத்தால், வன்னிக்கு லீவில் வருகிற பிள்ளை அதைப் பயணப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து ஒழுங்கையில் தூக்கிக்கொண்டு நிற்கும். ‘காற்றுத்துவக்கு’ என்றால் ஈயம் அடிக்கும் 4.5 மில்லிமீற்றர்க் கருவியோடு குழம்பும். ஆகவே ‘போளைத்துவக்கு’. துவக்கு என்ற சொல் அதில் இருக்கத்தான் வேண்டும். முதல் தடவை வரும் இடத்தில் இந்த வரியும் போகும்:

“போளைத்துவக்கு ஆடுகளத்துக்கு வெளியே எப்போதும் மூடிய பைக்குள், மகசின் கழற்றி, பற்றரி வேறாக இருக்க வேண்டும். ஊருக்கு வரும்போது கொண்டுவர வேண்டாம்.”