பரிசல் மேசை மேல் நிற்கிறது, திரையில் சுற்றுகிறது: சென்சாரோடு மல்லுக்கட்டிய கதைகள்

பென்னாகரத்தான்:

சென்சாரையும் கேம் எஞ்சினையும் (யூனிட்டி, அன்ரியல் மாதிரி விளையாட்டுக் காட்சி உருவாக்கும் மென்பொருள்) இணைத்துப் பார்த்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

பள்ளிக் கண்காட்சிக்கு ஒகேனக்கல் செய்ய வேண்டும் என்றாள் மகள். தெர்மாகோல் பாறையெல்லாம் சலித்துவிட்டது. யூனிட்டியில் அருவி கொட்டட்டும், கையைக் கிட்டே கொண்டுபோனால் நீர்வரத்து கூடட்டும் என்று முடிவானது. மழைக்காலம் வந்தால் பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கன அடி என்றுதான் எங்கள் பக்கம் பேச்சே தொடங்கும். அதனால் திரை மூலையில் கன அடியும் ஓட வேண்டும் என்பது அவள் உத்தரவு.

ஆர்டுவினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில், ஒலியை அனுப்பித் தூரம் அளக்கும் எச்.சி.எஸ்.ஆர்-04 அல்ட்ராசோனிக் சென்சார். ஒலி போய்த் திரும்ப எடுத்த மைக்ரோ விநாடியை 58ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். அதை சீரியல் போர்ட் வழியாகக் கணினிக்கு வரி வரியாக அனுப்பி, எத்தனை நீர்த்துகள் கொட்ட வேண்டும் என்ற அளவாக மாற்றினேன். அருவி விக்கி விக்கிக் கொட்டியது! திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் யூனிட்டி ஓட்டும் அப்டேட்டுக்குள்ளேயே, ஒரு வரியைப் படிக்கும் ரீட்லைன் கட்டளையை எழுதியிருந்தேன். அடுத்த வரி வந்து சேரும்வரை முழுத் திரையும் உறைந்து நிற்கும். படிக்கிற வேலையைப் பக்கத்தில் தனியாக ஓடும் ஒரு திரெட்டுக்கு மாற்றி, கடைசியாக வந்த எண்ணை மட்டும் அப்டேட் எடுக்கும்படி வைத்ததும் சரியானது.

அப்புறம் பார்த்தால், கை ஆடாமலே 21, 22, 21, 187, 22 என்று வருகிறது. விரலிடுக்கில் தப்பிய ஒலி பின்சுவரில் பட்டுத் திரும்பியிருக்க வேண்டும். சராசரி எடுத்தால் 54.6, அதாவது ஒரு பொய் எண் மற்ற நான்கையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தேன்: 22. அருவி அடங்கியது.

அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? சின்ன மூங்கில் தட்டைப் பரிசலாக்கி, அடியில் சாய்வையும் சுழற்சியையும் அளக்கும் எம்.பி.யு-6050 சென்சாரை ஒட்டினேன். சாய்த்தால் திரையிலும் அழகாகச் சாய்ந்தது. மேசையில் வைத்துவிட்டு டீ குடித்து வந்தால், திரையில் பரிசல் தானாகப் பாதி சுற்றியிருக்கிறது. சும்மா இருக்கும்போதும் அதிலுள்ள கைரோ (சுழலும் வேகத்தை அளக்கும் பகுதி) சிறு வேகம் காட்டும். விநாடிக்கு அரை டிகிரி என்றாலும் ஒரு நிமிடத்தில் 30 டிகிரி. சாய்வில் வரும் பிழையைப் புவியீர்ப்பை வைத்துத் திருத்தலாம். கிடைமட்டச் சுழற்சிக்கு அது உதவாது, திசைகாட்டிச் சென்சார் வேண்டும். நேரமில்லை, அப்படியே வைத்துவிட்டோம். பார்க்க வந்த ஓர் ஆசிரியை, "பரிசல்காரர் சுத்திவிடுறத கரெக்டா பிடிச்சிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார். மகளும் நானும் வாயைத் திறக்கவில்லை.

ஓசூர்க்காரி:

நல்ல ஆசிரியை சார்!

எங்களுடையது தீயணைப்புப் பயிற்சி. பழைய தீயணைப்பானின் பிடியில் பொட்டென்ஷியோமீட்டர் (திருகினால் மின்னழுத்தம் மாறும் பாகம்), அன்ரியலில் அதன் துகள் காட்சிக் கருவியான நயாகராவில் செய்த நெருப்பு. பிடியை அழுத்த அழுத்தத் தீ குறைய வேண்டும். வைஃபை உள்ள கட்டுப்பாட்டுப் பலகையான இ.எஸ்.பி-32இன் 25ஆம் பின்னில் (இணைப்பு முனையில்) மாட்டி, யூ.எஸ்.பி. வயரோடு சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. வயர் காலைத் தட்டுகிறது என்று வைஃபைக்கு மாற்றியதும் தீ அணையவே இல்லை. இரண்டு நாள் சாலிடரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் தெரிந்தது, அந்தப் பின் இரண்டாம் ஏ.டி.சி.யை (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதியை) சேர்ந்தது, வைஃபை ஓடும்போது அதைப் படிக்க முடியாது. 34க்கு மாற்றினேன், தீர்ந்தது.

இன்னொன்று. ஏ.டி.சி. தரும் எண் ஏட்டில் 0 முதல் 4095. எங்கள் பிடி கொடுத்ததோ 610 முதல் 2890 வரைதான். பிடியை முழுதாக விட்டும் அழுத்தியும் நீங்களே அளந்து, அந்த எல்லைக்குள் கணக்கிடுங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஓரத்தில் கொஞ்சம் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

அரூர் ஆள்:

நான் கூத்துக்கு வைத்தேன். மிருதங்க அடிக்குப் பின்திரையில் பொறி பறக்க வேண்டும்.

மைக் சென்சாரை ஒரு தடவை படித்தால் அலையின் ஏதோ ஒரு புள்ளிதான் சிக்கும். 50 மில்லி விநாடிக்குள் வந்த பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தால்தான் சத்தத்தின் அளவு தெரியும். எண் துடிக்கிறதே என்று ஆர்டுவினோவில் ஒருமுறை, யூனிட்டியில் ஒருமுறை என இரண்டு இடத்தில் ஏற்ற இறக்கத்தைச் சராசரியாக்கி மழுக்கினேன். ஒத்திகையில் வாத்தியார் கேட்டார்: "அடி விழுந்து ஆறினப்புறம்தான் உன் பொறிக்குத் தெரியுமாப்பா?"

ஆர்டுவினோவில் இருந்ததை எடுத்துவிட்டேன். யூனிட்டியிலும் ஏறும்போது உடனே ஏறட்டும், இறங்கும்போது மட்டும் மெதுவாக இறங்கட்டும் என்று மாற்றியதும் அடியும் பொறியும் ஒட்டிக்கொண்டன.

வாத்தியாருக்குத் திருப்திதான். ஒரே ஒரு நிபந்தனை போட்டார், கட்டியங்காரன் மேடையில் இருக்கும்வரை அணைத்து வைக்க வேண்டும். அவன் தரையை உதைக்கிற உதையில் மிருதங்கத்தை விட அதிகப் பொறி பறக்கிறதாம்.