எஸ்யூவிக்கும் பிக்கப்புக்கும் டயர் காற்று: ஸ்டிக்கர் அளவா, பஞ்சர் கடை அளவா?

உச்சிப்புளிக்காரன்:
வீட்டில் ஒரு எஸ்யூவி. அண்ணனிடம் மீன் லோடு ஓடும் பிக்கப். எஸ்யூவியின் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கர் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்கிறது. பஞ்சர் கடையில், "வெயில் காலம், காற்று விரியும், 28 போதும்" என்கிறார்கள். பிக்கப்புக்கு டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பார்த்து அப்படியே அடிக்கிறார்கள். எது சரி?

பாம்பன் லோடு:
கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி. மே மாதம் உச்சி வெயிலில் மண்டபத்தில் கிளம்பி மதுரை போய்ப் பாருங்கள். பரமக்குடி தாண்டும்போதே டயரில் கை வைக்க முடியாது. நான் வழியில் நிறுத்திக் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவேன். ஸ்டிக்கர் அடித்தவர்களுக்கு நம்ம ஊர் வெயில் தெரியுமா?

கீழக்கரை மெக்கானிக்:
அண்ணே, இறக்கவே கூடாது. ஸ்டிக்கரில் இருப்பது வண்டி ஓடாமல் ஆறிய டயருக்கான அளவு. ஓடினால் நான்கைந்து பிஎஸ்ஐ ஏறும் என்று தெரிந்துதான் அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். காலையில் 33 வைத்த டயர் மதியம் 38 காட்டுகிறது என்று 33க்கு இறக்கினால், மறுநாள் காலை அது 28தான். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிரும். சூடு பிறப்பதே அங்கேதான். டயர் வெடிக்குமே என்று பயந்து காற்றை இறக்குவது, வெடிக்கிற வழியைத் திறந்துவிடுவது.

பாம்பன் லோடு:
எஸ்யூவிக்குச் சரி என்றே வைத்துக்கொள்வோம். பிக்கப்புக்கு? ஐஸும் மீனுமாகப் பெட்டி ஏற்றினால் பின்பக்கம் அப்படியே உட்காருகிறது. ஸ்டிக்கர் அளவு வைத்தால் டயர் சப்பையாகத் தெரிகிறது. அதற்கு மேல் 10 சேர்த்து அடித்தால்தான் வண்டி நிற்கும்.

கீழக்கரை மெக்கானிக்:
பிக்கப் ஸ்டிக்கரில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, லோடு ஏற்றினால் வேறு ஒன்று என்று பிரித்தே போட்டிருப்பார்கள். லோடு அளவை வைத்தும் சப்பையாகத் தெரிந்தால் வண்டி தாங்குவதற்கு மேல் ஏற்றியிருக்கிறீர்கள். பக்கவாட்டில் உள்ள எண், அந்த டயர் சுமக்கக்கூடிய அதிகபட்ச எடையும் அதற்கான காற்றும். அதைத் தாண்டி எவ்வளவு அடித்தாலும் டயர் ஒரு கிலோகூடக் கூடுதலாகத் தாங்காது. லோடை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அதே காற்றில் வண்டி குதிக்கும், ரோட்டில் படும் பட்டன்களில் நடுவில் இருப்பவை மட்டும் தேயும், மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும்.

தனுஷ்கோடி ஜீப்:
மணலை விட்டுவிட்டீர்களே. அரிச்சல்முனை வரை தார் ரோடு 2017இல் வந்துவிட்டது. ஆனாலும் கரையில் வண்டியை இறக்குகிறவர்கள் இறக்கத்தான் செய்கிறார்கள். அங்கே 33 வைத்தால் சக்கரம் குழி தோண்டும். 18, 20க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து மணல் மேலேயே ஏறிப் போகும்.

கீழக்கரை மெக்கானிக்:
அது உண்மை. ஆனால் மெதுவாகப் போக வேண்டும், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பக் கூடாது. திருப்பினால் டயர் டிஸ்க்கை, அதாவது அது மாட்டியிருக்கும் சக்கரத்தை, விட்டுக் கழன்றுவிடும். தாரில் ஏறும் முன் மறுபடி காற்று அடிக்க வேண்டும். கையில் கம்ப்ரசர் இல்லாதவர் மணலில் இறங்கவே வேண்டாம்.

உச்சிப்புளிக்காரன்:
அண்ணன் வண்டியில் பின் டயர் ஒன்றில் மட்டும் வாராவாரம் காற்று குறைகிறது. பஞ்சர் இல்லை என்கிறார்கள். நைட்ரஜன் அடித்தால் நிற்குமா?

கீழக்கரை மெக்கானிக்:
சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். மீன் வண்டி என்றால் முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் பட்டு, டயர் உட்காரும் விளிம்பில் துரு பொருக்குப் பொருக்காக எழும்பியிருக்கும். சோப்புத் தண்ணீரை ஓரம் முழுக்க ஊற்றினால் பொடிப் பொடியாக நுரை வரும். டயரைக் கழற்றி, விளிம்பைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்து மாட்டச் சொல்லுங்கள். வால்வையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

பாம்பன் லோடு:
நுரை விஷயம் நல்ல யோசனை, நானும் பார்க்கிறேன். ஆனால் ராத்திரி 2 மணிக்கு லோடு ஏற்றிக் கிளம்புகிறவன் ஆறிய டயரில் அளக்க எங்கே போவான்?

கீழக்கரை மெக்கானிக்:
உங்களுக்குத்தான் அண்ணே அது சுலபம். லோடு ஏற்றும்வரை வண்டி நின்றுகொண்டுதானே இருக்கிறது? சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வண்டியிலேயே போடுங்கள். கடைக்குக் கடை கேஜ் வேறு மாதிரி காட்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.