அதிவேகத்தில் படத்தின் ஓரம் கருக்கிறது: ஷட்டர் தேய்ந்துவிட்டதா?

கேள்வி:
பல ஆண்டுகளாகத் திருமணங்களுக்குப் பயன்படுத்திவரும் என் டிஎஸ்எல்ஆர் கேமராவில், 1/2000 நொடியைவிட வேகமாக எடுக்கும் படங்களில் மட்டும் ஓர் ஓரம் பட்டையாகக் கருத்துப்போகிறது. 1/60-இல் குறையே தெரிவதில்லை. ஷட்டர் எண்ணிக்கை (இதுவரை ஷட்டர் இயங்கிய தடவைகள்) 2,10,000-ஐத் தாண்டிவிட்டது. ஷட்டர்தான் காரணம் என்று எப்படி உறுதிசெய்வது?

மறுமொழி 1:
அதிவேகத்தில் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒன்றையொன்று துரத்தியபடி, இடையே ஒரு குறுகிய பிளவு மட்டும் விட்டு, படம் பதியும் சென்சாரைக் கடக்கின்றன. முதல் திரை வழியில் சற்றே பின்தங்கினாலும் பிளவு சுருங்கி, அவ்விடத்தில் வெளிச்சம் குறைகிறது. 1/60-இல் சென்சார் முழுதும் திறந்து நிற்பதால் அந்தத் தாமதம் கண்ணில் படாது. வெள்ளைச் சுவரொன்றை மேனுவலில், லென்ஸ் துளையை மாற்றாமல், 1/125 நொடிக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, 1/4000-க்கு ஐஎஸ்ஓ 3200 என வைத்துப் பத்துப் பத்துப் படங்கள் எடுத்து ஒப்பிடுங்கள்.

மறுமொழி 2:
பகல் வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டும். எல்இடி விளக்கின் துடிப்பும் இதேபோன்ற பட்டையைத் தரும். கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மெதுவாக எழும்பினாலும் நிழல் விழும் என்பதால், கண்ணாடியை முன்பே உயர்த்தி, பின்திரையில் காட்சியைக் காட்டும் லைவ் வியூவிலும் சோதியுங்கள். ஷட்டர் தகடுகளை விரலால் தொடவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
முற்றத்துச் சுவரில் சோதித்தேன். 1/4000-இல் பத்தில் ஏழு படங்களில் பட்டை விழுந்தது, லைவ் வியூவிலும் மறையவில்லை. அடுத்த முகூர்த்தத்திற்கு முன் ஷட்டரை மாற்றக் கொடுக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.