‘பேலியேட்டிவ்’ என்ற சொல் உங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது?

தேனிக்காரன்:
அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஸ்கேன், பயாப்சி எல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான், விடுகிறேன். டாக்டர் கேஸ் ஷீட்டில் ‘பேலியேட்டிவ்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். "என்னடா எழுதியிருக்காரு?" என்றார் அம்மா. "வலி குறையுறதுக்குத்தாம்மா" என்றேன். உடனே பக்கத்துக் கட்டிலுக்குப் போய், "நாளையிலிருந்து புது வைத்தியமாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் சொன்னது பொய் இல்லை. அப்பா போய் இரண்டு வருஷமாகியும் அந்த ‘தாம்மா’ தொண்டையிலேயே நிற்கிறது.

சொல்வேட்டை:
நீங்கள் சொன்னதுதான் அதன் பொருள்: நோயைத் தீர்ப்பதல்ல, வேதனையைத் தணிப்பது. லத்தீனில் ‘பாலியம்’ என்றால் மேலே போர்த்திக்கொள்ளும் துணி; அதிலிருந்து வந்த சொல். 1970களில் மான்ட்ரியல் டாக்டர் பால்ஃபர் மவுண்ட்தான் இதை வார்டுக்குப் பெயராக்கினார். இறுதிக்கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை ‘ஹாஸ்பிஸ்’ என்பார்கள்; அந்தப் பெயரை வைத்தால் அங்கே பிரெஞ்சுக்காரர்களுக்குக் கதியற்றவர்கள் விடுதி நினைவுக்கு வருமாம். நான் ஒரு துண்டறிக்கையில் ‘நோய்த்தணிப்பு’ என்று மொழிபெயர்த்தேன். திருத்தியவர் ‘ஆறுதல் சிகிச்சை’ ஆக்கிவிட்டார். ஆறுதல் துக்க வீட்டில் சொல்வதல்லவா? இன்னும் எரிச்சல்.

நைட் டியூட்டி:
@சொல்வேட்டை, ஒத்துக்கொள்ள மாட்டேன். புண் ஆறுகிறது, பசி ஆறுகிறது, காபிகூட ஆறுகிறது. வார்டில் ‘தணிப்பு’ என்று சொல்லிப் பாருங்கள், ஒருவருக்கும் புரியாது. ஒரு பாட்டி விடியற்காலை மூன்று மணிக்கு என் கையைப் பிடித்து, "தீராதுன்னு தெரியும் கண்ணு, கொஞ்சம் மட்டுப்பட்டா தூங்கிருவேன்" என்றார். எனக்கு அன்றிலிருந்து ‘மட்டுப்படுவது’தான்.

ஓய்வுபெற்ற பார்மசிஸ்ட்:
வள்ளுவரே 948ஆம் குறளில் ‘அது தணிக்கும்’ என்கிறார், சண்டை எதற்கு? என் மைத்துனர் பழக்கமாகிவிடும் என்று பயந்து, கடும் வலிக்குக் கொடுத்த மார்ஃபின் மாத்திரையை ஒளித்து வைத்தார். அவர் அம்மா இரவெல்லாம் கத்தினார், அவ்வளவுதான் என் கதை. தேனித் தம்பி, கவனியுங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையை வலி வந்த பிறகு அல்ல, டாக்டர் சொன்னபடி நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். மலம் கட்டும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். 2014இல் போதைமருந்துச் சட்டத்தைத் திருத்தியதால் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் வாங்குவது முன்பைவிட எளிது. அப்பாவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள்.

தேனிக்காரன்:
சார், அப்பா இல்லை, மேலேயே எழுதியிருக்கிறேன். அட்டையில் நாலு மாத்திரை மீதி. ஃப்ரிட்ஜ் மேலேயே கிடக்கிறது, அம்மா தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார்.