மேடைச் சந்தில் இடும் பொருளுக்கு ‘மீள்பசை’

குழுவினருக்கு வணக்கம். நம் கட்டடச் சொற்தொகுப்புக்கு ‘மேடைச் சந்து’ என்ற பெயரும், அதில் நிரப்பும் சீலண்ட் (sealant) பொருளுக்கு ‘அடைப்பான்’, ‘கலப்பற்று’ என்ற பெயர்களும் முன்மொழியப்பட்டது பற்றி எழுதுகிறேன்.

சமையல் மேடையின் கிரானைட் பலகை சுவர் டைல்ஸைத் தொடும் இடத்தில் விழும் இடைவெளிக்கு ‘மேடைச் சந்து’ என்ற பெயர் பொருத்தமே. வேலூர், காட்பாடிப் பக்கத்து மேஸ்திரிகளும் ‘சந்து’ என்றுதான் சொல்கிறார்கள். வேற்றுமை உருபு ஏற்றால் அது ‘சந்தை’ ஆகிவிடுமே என்ற ஆட்சேபம் சரிதான். ‘சந்தினை’ என்று எழுதிக் கடந்துவிடலாம்.

சிக்கல், அதில் நிரப்பும் பொருளின் பெயரில்தான் இருக்கிறது. ‘அடைப்பான்’ என்றால் எங்கள் பகுதியில் மாடு வளர்ப்போர் காதில் ஆந்த்ராக்ஸ் நோயாகவே விழும். மரக்கலத்தின் பலகை இடுக்குகளை அடைப்பதற்குரிய ‘கலப்பற்று’ அழகான பழஞ்சொல். ஆனால் பாலாற்றில் மணலையே பார்த்துப் பழகிய ஊரில் அது புழங்குமா என்பது ஐயம். அதைவிட முக்கியமாக, இரண்டு சொற்களும் அடைப்பதை மட்டுமே சொல்கின்றன. வெள்ளை சிமெண்டும் அடைக்கத்தான் செய்கிறது.

மேடைப் பலகை கடப்பாக்கல் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுவர் தன் அடித்தளத்தின் மேல் தனியே நிற்கிறது. கிரைண்டர் ஓடும் அதிர்வும், நிறைந்த தவலையின் பாரமும், நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையும் இரண்டையும் ஒரே அளவில் அசைப்பதில்லை என்பதால், இறுகிவிட்ட வெள்ளை சிமெண்ட் மயிரிழையாகப் பிளந்து, அதன் வழியே பாத்திரம் கழுவும் நீர் இறங்கி, கருப்புப் பூஞ்சை பிடித்து, பின்னால் கரப்பானும் குடியேறுகிறது. மேலே மறுபடி சிமெண்ட் பூசினால் அதுவும் அதே கோட்டில் பிளக்கும். ஆகவே அங்கே வேண்டியது, பழையதைச் சுரண்டி எடுத்து, சந்தினை நன்கு உலரவிட்டு, இருபுறமும் காகித டேப் ஒட்டியபின் துப்பாக்கிக் குழலால் இழுக்கும் சிலிக்கோன் போன்ற பொருள். அது பலகையையும் சுவரையும் மட்டும் பற்றிக்கொண்டு, அடியில் ஒட்டாமல் இருந்தால்தான் தடையின்றி நீண்டு சுருங்கும். அகலமான சந்தில் முதலில் நுரைக்கயிறு திணிப்பது இதற்காகவே. காடி வாசனை அடிக்கும் வகை பளிங்குக் கல்லைக் கறைப்படுத்தக்கூடும் என்பதால், இயற்கைக் கல்லுக்கு அமிலம் வெளிவிடாத வகையே ஏற்றது.

இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு வருவதே இப்பொருளின் உயிர்க்குணம். பாடநூல்களில் ‘மீட்சி’ என்ற சொல் ஏற்கெனவே இக்குணத்தைக் குறிப்பதால் ‘மீள்பசை’ என்பதை முன்வைக்கிறேன். டைல்ஸ் இடைக்கோடுகளில் இடும் சிமெண்ட் கலவையை ‘சந்துப்பூச்சு’ எனலாம். இறுகுவது பூச்சு, இறுகாதது பசை என்ற வேறுபாடு கடைக்காரருக்கும் எளிதில் விளங்கும். ‘மீள்பயன்பாடு’ போல மறுபடி பயன்படுத்துவது என்று யாரேனும் பொருள் கொள்ளலாம். ஆனால் ஒருமுறை குழலைப் பிரித்து, மிச்சம் வீணாவதைப் பார்த்தவர் அப்படி எண்ணமாட்டார். ‘நெகிழ்பசை’ என்றாலோ, பிளாஸ்டிக்குக்கு ‘நெகிழி’ நிலைத்துவிட்ட பின் குழப்பமே மிஞ்சும்.

தொகுப்பில் சேர்ப்பதற்கான பதிவு:

மீள்பசை (பெ.): தனித்தனியே அசையும் இரு பரப்புகளுக்கு இடையிலான சந்தில் இடப்பட்டு, இரண்டையும் பற்றி, உலர்ந்தபின்னும் ரப்பர் போல் நீண்டு மீளும் நிரப்புப் பொருள்.

மேடைச் சந்து மட்டுமன்றி சன்னல் சட்டம், கழுவுதொட்டி விளிம்பு ஆகியவற்றுக்கும் இவ்வரையறை பொருந்துகிறதா என்று கட்டடத் துறை நண்பர்கள் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.