ஆல்பர்ட்டா குளிரில் ட்ரெய்லரிலேயே குடியிருப்பது சரிவருமா?

மலைச்சாரல்:
எல்லோருக்கும் வணக்கம். நான், மனைவி, நாலு வயது மகள்; கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் கல்கரியில் இருக்கிறோம். செப்டம்பரோடு வாடகை ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பிக்காமல், 32 அடி ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் (பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்துப்போகும் நடமாடும் வீடு) ஒன்றைப் பழையதாக வாங்கி, வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு ட்ரெய்லர் பார்க்கில் இரண்டு குளிர்காலத்தை ஓட்டிவிட்டால் வீட்டுக்கு முன்பணம் சேர்ந்துவிடும் என்பது எங்கள் கணக்கு.

சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் வட டகோட்டாவின் வில்லிஸ்டனில் 2010-களின் தொடக்கத்தில் எண்ணெய் வேலை கொடிகட்டிப் பறந்தபோது எத்தனையோ பேர் ட்ரெய்லரில்தான் குளிர்காலம் கழித்தார்கள். அங்கேயும் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். நாங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியில் மணிக்கு 35,000 பி.டி.யூ (வெப்பத்தின் அளவு) தரும் ஃபர்னஸ் இருக்கிறது; புரொப்பேன் கேஸில் எரிந்து சூடான காற்றை ஊதும். அடிப்பாகம் மூடிய மாடல், 'நான்கு பருவத்துக்கும் ஏற்றது' என்று போட்டிருக்கிறார்கள். பார்க்கில் 30 ஆம்பியர் மின் இணைப்பு உண்டு. இரண்டு மின் ஹீட்டர் வைத்துக்கொண்டால் புரொப்பேன் செலவும் குறையும். இதில் எது தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

தெற்கத்திக்காரன்:
தம்பி, நான் எட்மன்டனில் ட்ரெய்லர் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். என் பதில்: வேண்டாம்.

வில்லிஸ்டனை உதாரணமாக எடுக்காதீர்கள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்காகத் தனியாக வந்தவர்கள். ஊரில் வாடகைக்கு வீடே கிடைக்காததால் ட்ரெய்லரில் கிடந்தார்கள். விரும்பித் தேர்ந்தெடுத்த வாழ்க்கை இல்லை அது.

'நான்கு பருவம்' என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ட்ரெய்லர் சுவர் இரண்டு அங்குலம் இருந்தால் பெரிது. குளிர்த்தடுப்பு ஆர்-7 அளவில்தான் இருக்கும் (எண் கூடினால் தடுப்பும் கூடுதல்). இங்கே கட்டும் வீட்டுச் சுவர் ஆர்-20 பக்கம். போதாததற்கு ஸ்லைடு அவுட் வேறு. வெளியே தள்ளி நிற்கும் அந்தப் பகுதிக்குச் சுற்றிலும் ரப்பர் பட்டைதான் காவல். மைனஸ் 30-ல் அந்த ரப்பர் விறைத்துப்போய் மடிந்து பொருந்தாது. விளிம்போரம் கையை வைத்தால் காற்று வருவது தெரியும்.

புரொப்பேன் கணக்கைப் பாருங்கள். ஒரு 30 பவுண்டு சிலிண்டரில் ஏறக்குறைய 6,40,000 பி.டி.யூ இருக்கிறது. உங்கள் ஃபர்னஸ் விடாமல் எரிந்தால் 18 மணி நேரம். பாதி நேரம் எரிந்தாலும் ஒன்றரை நாள்தான். ராத்திரி இரண்டு மணிக்குக் கையுறை போட்டுக்கொண்டு சிலிண்டர் மாற்றப் போவது யார்?

இன்னொன்று, புரொப்பேன் ஆவியாக மாறினால்தான் எரியும். அதன் கொதிநிலை மைனஸ் 42. மைனஸ் 35-ல் சிலிண்டருக்குள் திரவம் இருக்கும், ஆனால் அழுத்தம் நின்றுபோகிற நிலைக்கு வந்துவிடும். அதுவும் சிலிண்டர் அரைக்குக் கீழே இறங்கியிருந்தால் ஃபர்னஸ் பற்றிப் பற்றி அணையும். உங்களுக்குச் சூடு அதிகம் தேவைப்படும் அதே ராத்திரியில்தான் இது நடக்கும்.

வெண்பனி:
அண்ணா சொன்ன கணக்கு சரி. முடிவுதான் சரியில்லை. நானும் கணவரும் ரெட் டியர் ஊருக்குப் பக்கத்தில் ட்ரெய்லரில்தான் இருக்கிறோம், குளிர்காலத்தையும் சேர்த்து. எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் இதே பார்க்கில் இருக்கின்றன.

சிலிண்டர் தூக்கும் பிரச்சினையே எங்களுக்கு இல்லை. புரொப்பேன் விற்பவர்களிடம் 420 பவுண்டு டேங்கை வாடகைக்கு வாங்கி வெளியே நிறுத்திவைக்கிறோம். லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். அது 30 பவுண்டு சிலிண்டர் பதினான்குக்குச் சமம். டேங்க் பெரிதாக இருந்தால் ஆவியாவதற்கு இடமும் கூடுதல், அதனால் அண்ணா சொன்ன அழுத்தக் குறைவும் அவ்வளவு சீக்கிரம் வராது.

அடுத்தது ஸ்கர்ட்டிங். வண்டியின் அடியைச் சுற்றி இரண்டு அங்குல ஃபோம் பலகை வைத்து மூடுவது. பலகைக்கு ஆர்-10 கிடைக்கிறது. ஆனால் செப்டம்பரிலேயே செய்து முடிக்க வேண்டும். குளிர் வந்துவிட்டால் டேப் ஒட்டாது. அழுத்தி ஒட்டினாலும் காலையில் சுருண்டு கீழே கிடக்கும். கல்கரியில் மலைப்பக்கமிருந்து வேகமாக வீசும் சினூக் காற்று வேறு அடிக்கும், வெறும் டேப்பை நம்பினால் பலகை பறந்து போகும். மரச்சட்டம் அடித்து அதில் திருகிவிடுங்கள்.

உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காதது மின் ஹீட்டர்தான். ஃபர்னஸின் சூடான காற்றில் ஒரு பகுதி அடிப்பாகத்துக்குப் போய்த் தண்ணீர் டேங்கையும் குழாயையும் காக்கிறது. மின் ஹீட்டரை அறையில் வைத்தால் தெர்மோஸ்டாட் 'போதும்' என்று ஃபர்னஸை நிறுத்திவிடும். மேலே நீங்கள் கதகதப்பாக உட்கார்ந்திருப்பீர்கள், கீழே குழாய் உறைந்து வெடிக்கும். இங்குள்ள 120 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்பது 3,600 வாட். 1,500 வாட் ஹீட்டர் இரண்டு போட்டால் 25 ஆம்பியர் போய்விடும், அப்புறம் மைக்ரோவேவைத் தொட்டாலே பிரேக்கர் விழும்.

தெற்கத்திக்காரன்:
வெண்பனி, ஃபர்னஸ் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. பழுதுக்கு வரும் உறைந்த வண்டிகளில் பாதிக்கு மேல் அந்தக் கதைதான். ஆனால் குளிரை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் அதிகம் பயப்படுவது ஈரத்துக்கு.

மூன்று பேர் மூச்சு விடுகிறார்கள், குளிக்கிறார்கள். நம் சமையலைக் கேட்கவே வேண்டாம்: சோறு கொதிக்கும், ரசம் கொதிக்கும், இட்லிக்கு அரைமணி ஆவி பறக்கும். போதாக்குறைக்குக் கேஸ் அடுப்பு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். ஃபர்னஸ் அதைப் புகைக்குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும். அடுப்பும் புகைக்குழாய் இல்லாத ஹீட்டரும் வீட்டுக்குள்ளேயே விடும். அவ்வளவும் குளிர்ந்த மூலை எங்கே என்று தேடிப்போய்ப் படியும். மெத்தைக்கு அடியில், அலமாரியின் பின்சுவரில், ஜன்னல் சட்டத்தில்.

வசந்தகாலத்தில் நாங்கள் மெத்தையைத் தூக்கிப் பார்ப்போம். பலகையில் மெத்தையின் அளவுக்கே கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். மேலே விரிப்பு சுத்தமாக இருந்திருக்கும், படுத்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த இடத்தில் ஒரு நாலு வயதுக் குழந்தை ஆறு மாதம் மூக்கை வைத்துத் தூங்கும் என்பதை யோசியுங்கள். பெரியவர்கள் இருவர் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன்.

கடல்நாடன்:
நான் டொரொண்டோவில். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஒப்பந்தம், காப்பீடு சம்பந்தப்பட்ட விஷயத்தை யாரும் தொடவில்லை.

கனடாவில் பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகள் அக்டோபர் நன்றியறிதல் விடுமுறையோடு தண்ணீரை நிறுத்தி மூடிவிடும். வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் இடம் என்று சொன்னாலும், ஜனவரியில் தண்ணீர்க் குழாயும் கழிவு இணைப்பும் வேலை செய்யுமா என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் காப்பீடு. சாதாரண ட்ரெய்லர் பாலிசி விடுமுறைப் பயணத்துக்கானது. முழுநேரம் குடியிருப்பதைச் சொல்லாமல் மறைத்தால், தீ விபத்து நடந்தபிறகு இழப்பீடு கேட்டு நிற்க முடியாது. பல கம்பெனிகளின் வாரண்டியும் அப்படித்தான்.

ஓய்வுபெற்றவர்கள் குளிர்காலத்தில் அமெரிக்காவின் அரிசோனா பக்கம், வெயில் தேடி ஓட்டிப்போய்விடுகிறார்கள், அதுதான் புத்திசாலித்தனம். உங்களுக்கு வேலை இங்கே இருப்பதால் அது ஆகாது.

மலைச்சாரல்:
எல்லோருக்கும் நன்றி. ஆனால் தெற்கத்திக்காரன் அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது நாங்கள் இருக்கும் பேஸ்மென்டிலும் ஜன்னலில் தண்ணீர் வழிகிறது. மூலையில் பூஞ்சையும் உண்டு, வீட்டுக்காரர் வந்து பெயின்ட் அடித்துவிட்டுப் போகிறார். நாங்கள் அரண்மனையை விட்டுவிட்டு ட்ரெய்லருக்குப் போகவில்லை. வாடகை ஒவ்வொரு வருஷமும் ஏறிக்கொண்டேதான் போகிறது, முன்பணம் சேரவே இல்லை. 'வேண்டாம்' என்று சொல்வது எளிது. மாற்று என்ன?

தெற்கத்திக்காரன்:
நியாயமான கேள்வி தம்பி. பேஸ்மென்டில் ஈரம் என்றால் ட்ரெய்லரில் அது கூடத்தான் செய்யும். இடம் சின்னது, சுவர் மெலிசு. ஆனால் பேஸ்மென்டில் ஃபர்னஸ் நின்றால் வீடு குளிர ஒரு நாள் ஆகும், ட்ரெய்லரில் சில மணி நேரத்தில் குழாய் உறைந்துவிடும். வித்தியாசம் அங்கேதான்.

2024 ஜனவரி 13 நினைவிருக்கிறதா? எட்மன்டன் பக்கம் மைனஸ் 40-க்கும் கீழே போன அந்தச் சனிக்கிழமை மாலை, மின்சாரத்தைக் குறையுங்கள் என்று மாகாணம் முழுவதும் எல்லோர் போனிலும் அவசர எச்சரிக்கை வந்தது. மக்கள் உடனே விளக்கை அணைத்ததால் சுழற்சி முறையில் மின்வெட்டு வராமல் தப்பித்தோம். ட்ரெய்லர் ஃபர்னஸ் புரொப்பேனில் எரிந்தாலும் அதன் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் சுற்றுகிறது. பார்க்கில் கரண்ட் போனால், குளிரில் பலம் குறைந்த பேட்டரி ஒரு ராத்திரி தாங்குவதே பெரிது. லித்தியம் பேட்டரி என்றால் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது.

மாற்று கேட்டீர்கள். ட்ரெய்லரை வாங்கி மேயிலிருந்து செப்டம்பர் வரை இருங்கள். குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு சின்ன இடம் எடுங்கள். ஆறேழு மாத வாடகைக்கு ஆள் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

வெண்பனி:
அந்த ஜனவரியில் நாங்கள் இதே ட்ரெய்லரில்தான் இருந்தோம் அண்ணா. பேட்டரி நல்லதாக வைத்திருந்தோம், சின்ன ஜெனரேட்டர் ஒன்றும் தயாராக இருந்தது. தூக்கம் சரியாக இல்லை, அது உண்மை. ஆனால் ஒன்றும் உறையவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு இடம், ஆறு மாதத்துக்கு இன்னொரு இடம் என்று குழந்தையை அலைக்கழிப்பதுதான் நல்லதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஈரத்தை அடக்க முடியும், ஆனால் அது தினமும் செய்யும் வேலை. சமைக்கும்போது கூரை விசிறியைப் போட்டு எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வைக்கிறேன். சூடு போகும், போகட்டும், ஈரமும் போகிறது. மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓடும்படி வலை விரிப்பு போட்டிருக்கிறோம். துணியை உள்ளே காயப்போடுவதே இல்லை, லாண்ட்ரிக்குப் போகிறோம். ஈரம் உறிஞ்சும் மெஷின் நாள் முழுக்க ஓடுகிறது.

கழிவு டேங்க் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். சொட்டுச் சொட்டாகப் போகும் தண்ணீர் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். மூடி வைத்து, நிறைந்தபிறகு ஒரேயடியாகத் திறக்க வேண்டும். தண்ணீருக்குச் சூடேறும் ஹோஸ் வாங்குங்கள். கடுங்குளிர் வரும் என்று தெரிந்தால் உள் டேங்கை நிரப்பிவிட்டு ஹோஸைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

தெற்கத்திக்காரன்:
வெண்பனி மாதிரி தினமும் பார்ப்பவர்களால் முடியும், அதை நான் மறுக்கவில்லை. வேலைக்குப் போய்விட்டு, குழந்தையையும் பார்த்துக்கொண்டு, இதையும் செய்ய முடியுமா என்பதே என் கேள்வி.

போவதாகவே இருந்தால் இரண்டு விஷயத்தில் விளையாடாதீர்கள். புகைக்குழாய் இல்லாத புரொப்பேன் ஹீட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அதைக் கண்டு ஒலிக்கும் அலாரத்தை மாதாமாதம் அழுத்திச் சோதியுங்கள். ஃபர்னஸ் புகை வெளியேறும் துளையைப் பனி மூடாமல் பாருங்கள். இரண்டாவது, படுக்கையறையில் அவசரத்துக்கு வெளியேறும் ஜன்னல் ஒன்று இருக்கும். குளிர் வருகிறது என்று அதையும் ஃபோம் வைத்து அடைத்துவிடுகிறார்கள். தீப்பிடித்தால் ட்ரெய்லர் சில நிமிஷத்தில் போய்விடும். அந்த ஜன்னல் திறக்கிறதா என்று குளிர்காலத்திலும் திறந்து பாருங்கள்.

மலைச்சாரல்:
சரி அண்ணா. மனைவியோடு உட்கார்ந்து பேசினேன். மின் ஹீட்டர் திட்டம் போச்சு. ஜனவரியில் தண்ணீரும் கழிவு இணைப்பும் உண்டு என்று ட்ரெய்லர் பார்க் நடத்துபவர் எழுத்தில் தந்தால், அதோடு 420 பவுண்டு டேங்க் வைக்க இடமும் தந்தால் போகிறோம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் குளிர்காலத்துக்கு வாடகை வீடுதான். வண்டியைப் பார்க்க வரும் சனிக்கிழமை போகிறோம். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தெற்கத்திக்காரன்:
குழந்தை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் வண்டியை ஒழுங்காகப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்லைடு அவுட்டின் மூலைகளிலும் ஷவர் ஓரத்திலும் தரையைக் குதிகாலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே பலகை ஊறிப்போயிருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். அடுத்து அடிப்பாக மூடியை ஓரமாகக் கொஞ்சம் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபர்னஸிலிருந்து குழாய் ஒன்று டேங்க் இருக்கும் பக்கம் உண்மையிலேயே வருகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வராத வண்டிக்கு 'நான்கு பருவம்' என்று ஸ்டிக்கர் இருந்தாலும் வாங்காதீர்கள். பிரிக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னாலும் வாங்காதீர்கள்.